ஸ்லாஷர் சிறுகதை எழுதுவது எப்படி: கடைசிக் காட்சியிலிருந்து முதல் வரிக்கு

ஸ்லாஷர் கதையைக் கையில் எடுப்பவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். முகமூடி போட்ட ஒருவன் வருவான், ஒவ்வொருவராகச் சாவார்கள், ஒருத்தி மிஞ்சுவாள். தெரிந்தும் படிக்கிறார் என்றால், அவர் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறார். உள்ளே எத்தனை பேர், வெளியே போக எத்தனை வழி, ஆயுதம் இப்போது எங்கே இருக்கிறது? அந்தக் கணக்கு பிசகாமல் நடந்தால் பயம் தானாக வரும். புதிதாக எழுதுபவர்கள் கணக்கை விட்டுவிட்டு ரத்தத்தைக் கூட்டுகிறார்கள், கதை படுத்துவிடுகிறது.

கீழே வரும் வரிசை 1,500 சொல் கதைக்கானது. எழுதும் வரிசையும் படிக்கும் வரிசையும் ஒன்றல்ல என்பதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எழுத உட்காரும் முன் வேண்டிய நான்கு தாள்கள்

முதல் தாளில் இடத்தின் வரைபடம். கதவு, சன்னல், விளக்கு சுவிட்ச், சத்தம் போடும் பொருள், ஒளிய முடிந்த இடம், எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை அடி நடை என்றும் எழுதுங்கள். துரத்தல் காட்சியில் ஓடுபவள் ஒரு பத்தியில் பத்தடி தூரத்தையும் அடுத்த பத்தியில் அரை கிலோமீட்டரையும் கடப்பது இந்தத் தாள் இல்லாததால்தான்.

இரண்டாவது தாளில் நேரம். யார் எந்த நிமிடம் எங்கே இருக்கிறார், கொலைகாரனையும் சேர்த்து. அவன் காட்சியில் இல்லாத நேரத்திலும் எங்கோ நின்றுகொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தாளில் ஆட்கள்: பெயர், வேலை, சட்டைப்பையில் இருக்கும் பொருள். குணத்தைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டாம். சிறுகதையில் சட்டைப்பை அதைவிட உதவும்.

நான்காவது தாளில் கொலைகாரனின் விதி, ஒரே வரி. அதைப் பற்றி ஐந்தாம் பகுதியில்.

வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணம் வரும். இடம் ஒரு ஐஸ் ஆலை, இரவு ஷிப்ட். உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதில் வரிசை வரிசையாக இறக்கிய, தண்ணீரை ஐஸ் கட்டியாக உறையவைக்கும் தகர அச்சுகள், மேலே மூடிய மரப்பலகைகள். அந்தப் பலகைகள்தான் நடக்கும் தரை. பக்கத்து அறையில் கம்ப்ரசர். அது ஓடினால் காலடிச் சத்தம் எவருக்கும் கேட்காது. மூன்றாவது வரிசை அச்சுகளை ஓட்டை அடைக்க எடுத்துவிட்டார்கள். அங்கே பலகைக்கு அடியில் வெறும் உப்புத் தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி அளவில். ஆட்கள் மூன்று பேர்: பலகை பார்க்கும் மணி, மிஷின் பார்க்கும் ஜோசப், கணக்கெழுதும் ரேவதி. ஒரே கதவு, உள்பக்கம் பூட்டியிருக்கிறது, சாவி மணியின் சட்டைப்பையில்.

2. சொல்லுக்கு எத்தனை சாவு

1,500 சொல்லுக்கு மூன்று பேர், இரண்டு சாவு. 700 சொல்லுக்கு இரண்டு பேர், ஒரு சாவு. சாவு ஒன்று கூடினால் குறைந்தது 400 சொல் கூட வேண்டும். ஒரு ஆளை வாசகர் அடையாளம் கண்டுகொள்வது, தனியாகப் பிரிவது, சாவது, மற்றவர்களுக்குத் தெரியவருவது என்று நாலு வேலை இருக்கிறது. ஐந்து பேரைக் கொண்டுவந்து நாலு பேரைக் கொன்றால் செத்தது யார் என்று வாசகர் மேலே புரட்டிப் பார்க்க வேண்டிவரும். அந்த இடத்தோடு பயம் போய்விடும்.

நான் சொல்லும் பங்கீடு இது: இடமும் ஆட்களும் 250, பொய் அதிர்ச்சி (ஆபத்தில்லாத ஒன்றைக் கண்டு துள்ளுவது) 200, முதல் கொலை 250, காணாமல் போனதைத் தேடுவதும் வழிகள் அடைபடுவதும் 350, இரண்டாம் கொலையும் துரத்தலும் 300, முடிவு 150. ஐம்பது முன்பின் ஆகலாம். முடிவு மட்டும் 150-ஐத் தாண்டினால் எங்கோ விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

3. முதலில் முடிவை எழுதுங்கள்

தப்பிக்கும் வழி கடைசியில் தோன்றினால் ஏமாற்று. முதலிலேயே கண்ணில் பட்டு, ஆனால் கவனத்தில் நிற்காமல் போயிருக்க வேண்டும். அதனால் முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தேவையான பொருட்களை முன்னால் கொண்டுபோய் விதைக்க வேண்டும்.

உதாரணத்தில் முடிவு இது: ரேவதி கம்ப்ரசரை நிறுத்துகிறாள். அப்போதுதான் பலகைமேல் காலடி கேட்கிறது. எங்கே வருகிறது என்று காதாலேயே கணித்து, மூன்றாவது வரிசைப் பலகையை நகர்த்திவைக்கிறாள். வந்த ஆள் உள்ளே விழுந்த பிறகு பலகையை மூடி அதன்மேல் உட்காருகிறாள். அடியிலிருந்து தட்டும் சத்தம் நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இதிலிருந்து பின்னோக்கி வந்தால் விதைக்க வேண்டியவை தெரியும்: கம்ப்ரசர் சத்தம், காலியான மூன்றாவது வரிசை, ஒரு பெண் தனியாகத் தூக்கக்கூடிய பலகை. மூன்றும் முதல் 250 சொல்லுக்குள் வர வேண்டும், அதுவும் வேலையோடு வேலையாக. ‘மூணாவது வரிசையில கால வெக்காதே, அச்சு இல்ல’ என்று மணி போகிறபோக்கில் சொன்னால் போதும். அவனே அதை மூன்று தடவை சொன்னால் வாசகர் முடிவைக் கண்டுபிடித்துவிடுவார்.

கொலைகாரன் சாகவில்லை, கண்ணைத் திறந்தான் என்ற முடிவைத் தவிர்ப்பது நல்லது. வாசகர் 1,500 சொல் போட்ட கணக்கை ஒரே வரியில் அழித்துவிடுகிறது. கணக்கு தீர்ந்து, மிஞ்சியவள் மாறிப்போயிருப்பதுதான் உறுத்தும்.

4. வழிகளை ஒவ்வொன்றாக அடையுங்கள்

‘ஏன் போலீஸுக்கு போன் பண்ணவில்லை?’ வாசகர் முதலில் கேட்பது இதைத்தான். பதில் அவர் கேட்பதற்கு முன்பே கதைக்குள் இருக்க வேண்டும்.

சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை என்பவை தேய்ந்துபோன பதில்கள். இடத்திலிருந்து பதிலை எடுங்கள். ஐஸ் ஆலையில் விரல் ஈரமாகவே இருக்கும். ஈர விரலைத் தொடுதிரை ஒழுங்காக எடுக்காது, ரேகை வைத்தாலும் பெரும்பாலும் திறக்காது. தொடக்கத்தில் ரேவதி போனைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துத் திறப்பதை ஒரு முறை சாதாரணமாகக் காட்டிவிட்டால், பின்னால் கை நடுங்கும்போது அதே ஈரம் வேலை செய்யும்.

கதவுக்கும் அப்படித்தான். சாவி மணியிடம் இருக்கிறது. மணி செத்து, உடல் தொட்டிக்குள் போகிறது. ரேவதிக்கு வெளியே போக வேண்டுமென்றால் பலகையைத் தூக்கி அவன் சட்டைப்பைக்குள் கை விட்டே ஆக வேண்டும். வழியை அடைத்தால் மட்டும் போதாது. மிஞ்சிய ஒரே வழி, போகவே கூடாத இடம் வழியாகப் போக வேண்டும்.

எல்லா வழியையும் ஒரே பத்தியில் அடைக்காதீர்கள். மின்சாரம் போனது, போன் செத்தது, கதவு சிக்கியது என்று அடுக்கினால் அது எழுத்தாளர் செய்த சதியாகத் தெரியும். ஒன்று தொடக்கத்திலேயே அடைபட்டிருக்கட்டும், இன்னொன்று முதல் சாவால் அடைபடட்டும், மூன்றாவதைப் பாத்திரமே தன் கையால் அடைத்துக்கொள்ளட்டும்.

5. கொலைகாரனுக்கு ஒரு விதி, ஒரு சத்தம், ஒரு அடையாளம்

விதி என்றால் அவன் எப்போது கொல்வான், எப்போது கொல்ல மாட்டான் என்பது. உதாரணத்தில்: பலகைமேல் கால் வைத்தவரை மட்டும். வாசகர் இதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் இரண்டாம் சாவுக்கு முன்னால். அதற்குப் பிறகு பலகைப் பக்கம் யார் நகர்ந்தாலும் வயிற்றைப் பிசையும். விதி இல்லாத கொலைகாரன் எங்கே வேண்டுமானாலும் வருவான். எங்கே வேண்டுமானாலும் வருபவனுக்காக யாரும் குறிப்பாக எதையும் பார்த்துக் காத்திருக்க முடியாது.

காரணம் ஒரு வரி போதும். போன வருஷம் ஒருவர் தொட்டியில் விழுந்தார், பலகையை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இதை ஜோசப் வாயில் பாதியாக வைத்தால் மீதியை வாசகர் நிரப்பிக்கொள்வார். கொலைகாரன் முகமூடியைக் கழற்றி அரைப்பக்கம் பேசினால் அவன் சராசரி மனிதனாகிவிடுகிறான்.

இங்கே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. வினைமுற்று ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். ‘நின்றான்’ என்று எழுதிய கணமே பாதி சந்தேகப் பட்டியல் அடிபட்டுப்போகும். தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, ‘உருவம் நின்றது’. இது ஒரு தடவைக்கு மேல் வந்தால் பேய்க்கதை வாடை அடிக்கும். இன்னொன்று, உறுப்பையோ உடுப்பையோ எழுவாயாக்குவது: ‘ரப்பர் பூட்ஸ் இரண்டடி தள்ளி நின்றது’, ‘கையுறை பலகையின் விளிம்பைப் பற்றியது’. இதுதான் கைகொடுக்கும், காட்சியையும் கூர்மையாக்கும். கதை முழுக்க இப்படிக் காத்துவந்தால், கடைசியில் ஒரே ஒரு ‘விழுந்தாள்’ போதும். ஒற்றை விகுதியில் திருப்பம் வந்துவிடும். வேறு பல மொழிகளில் எழுதுபவர்களுக்கு இந்த வசதி இல்லை.

சத்தமும் ஒன்றே ஒன்று. பலகை ‘டொக்’ என்றால் கடைசிவரை டொக்தான். அதையே இன்னொரு பக்கத்தில் ‘தட்’ என்று எழுதினால் வாசகரின் காது குழம்பும்.

6. ஆயுதம் வேலைக்குப் போன பிறகுதான் கொலைக்குப் போக வேண்டும்

அந்த இடத்தில் அன்றாடம் புழங்கும் கருவியை எடுங்கள். ஐஸ் ஆலைக்குக் கட்டி இழுக்கும் கொக்கி. தொடக்கத்தில் மணி அதைக் கட்டியில் மாட்டிச் சரக்கென்று இழுத்து, சுவர் ஆணியில் தொங்கவிட வேண்டும். கூர்மையையும் பலத்தையும் ஐஸின்மேல் காட்டிவிட்டால், உடலின்மேல் விவரிக்கத் தேவையே இராது.

கருவிக்கென்று ஒரு நடத்தை உண்டு. கொக்கி இழுப்பதற்காகச் செய்தது. மாட்டினால் லேசில் கழலாது. ஆகவே இந்தக் கதையில் சாவு என்றால் இழுத்துக்கொண்டு போவது, தடயம் என்றால் ஈரப்பலகையில் நீளமான கோடு. கோடரி எலும்பில் சிக்கும், பிடுங்க நேரமாகும். அந்த நேரத்தில் அடுத்தவர் ஓடலாம். கைக்காப்பு இல்லாத கத்தியில் ரத்தம் பட்டால் பிடி வழுக்கிக் குத்துபவர் கையே அறுபடும். சங்கிலி ரம்பத்தில் கனத்த துணி நார்கள் சிக்கினால் சங்கிலி நின்றுவிடும்; மரம் அறுப்பவர்களின் பாதுகாப்புக் கால்சட்டை வேலை செய்வதே அப்படித்தான். இவை எல்லாம் கதைத் திருப்பங்கள், ஓசியில் கிடைப்பவை.

7. பொய் அதிர்ச்சியும் முதல் கொலையும்

முதல் கொலைக்கு முன்னால் ஒரு பொய் அதிர்ச்சி. பூனை குதிப்பது வேண்டாம், நைந்துவிட்டது. பொய் அதிர்ச்சியும் ஒரு தகவல் தர வேண்டும். ஜோசப் பின்னாலிருந்து வந்து ரேவதியின் தோளைத் தொடுகிறான், அவள் துள்ளுகிறாள், அவன் சிரிக்கிறான்: ‘இந்தச் சத்தத்துல யானை வந்தாலும் உனக்குக் கேக்காது.’ வாசகரும் சிரிப்பார். கம்ப்ரசர் ஓடும்போது காது பயன்படாது என்ற விதையும் விழுந்துவிட்டது.

இனி முதல் கொலை. பெரும்பாலும் வருவது இப்படி:

‘திடீரென்று இருளிலிருந்து ஒரு பயங்கர உருவம் பாய்ந்து மணியின் கழுத்தில் கொடூரமாகக் குத்தியது. ரத்தம் பீறிட்டது. ஆஆஆ என்று அலறித் துடிதுடித்து இறந்தான்.’

இதில் பயங்கரம், கொடூரம் என்று எழுத்தாளரே வாசகருக்காகப் பயந்துவிட்டார். இடம் இல்லை, கருவி இல்லை. எந்தக் கதையிலிருந்தும் வெட்டி எந்தக் கதையிலும் ஒட்டலாம். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மணி ஐந்தாவது வரிசைப் பலகையைத் தூக்கினான். ஓரமெல்லாம் உறைந்திருந்தது, நடுவில் மட்டும் தண்ணீர். இன்னும் நாலு மணி நேரமாவது ஆகும். பலகையை இறக்கினான். டொக். கையை எடுத்த பிறகு பாதத்தில் இன்னொரு அதிர்வு. ஒரு பலகை இரண்டு தரம் விழாது. “ஜோசப்பு, மிஷினை விட்டுட்டு வராதேன்னு எத்தனை தடவ சொல்றது” என்றான், திரும்பாமல். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவரைப் பார்த்தான். ஆணி இருந்தது.’

இந்த இடத்தில் பத்தியை வெட்டி ரேவதியிடம் போய்விடுங்கள். கொக்கி இல்லை என்றுகூட எழுதவில்லை. ஆணி இருந்தது என்றதும் வாசகரே கொக்கியைத் தேடுகிறார். முதல் சாவு மறைவில் நடக்கட்டும், இரண்டாவது கண்ணெதிரே. இரண்டையும் மறைத்தால் ஸ்லாஷருக்கு உண்டான கூலியைத் தராமல் ஏமாற்றியதாகும். இரண்டையும் காட்டினால் இரண்டாவது சப்பென்று போகும்.

கண்ணெதிரே நடப்பதை எழுதும்போது, வினை கடைசியில் வரும் நம் வாக்கிய அமைப்பு பெரிய உதவி. ‘கொக்கி, கழுத்துக்கும் தோள் எலும்புக்கும் நடுவே இருந்த பள்ளத்தில், நிதானமாக, இறங்கியது.’ அடி விழும் சொல்லுக்காக வாசகர் வாக்கியம் முழுக்கக் காத்திருக்கிறார். வினையையும் தேர்ந்து எடுங்கள். கீறு, கிழி, சீவு, அறு, பிள, செருகு, இறக்கு: ஒவ்வொன்றுக்கும் ஆழமும் வேகமும் வேறு. ‘கொன்றான்’ எதையும் காட்டாது.

8. உடல் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழைகள்

வயதுவந்தவர் உடலில் இருக்கும் ரத்தம் ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். ஒரே காயத்தில் அறை முழுக்க ஆறாக ஓடாது. கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் அரை நிமிடத்துக்குள்ளேயே நினைவு தப்பலாம். நீண்ட கடைசி வசனத்துக்கு நேரமில்லை. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் அறுந்தவரால் அலற முடியாது, காற்று வெட்டு வழியாகவே போய்விடும். வயிற்றில் குத்துப்பட்டவரோ பல நிமிடங்கள் நடப்பார், பேசுவார். அவரை உடனே சாகடிக்காதீர்கள். நடக்கவிட்டால் காட்சி இன்னும் மோசமாகும், நல்ல அர்த்தத்தில்.

மயக்க மருந்துத் துணியை மூக்கில் வைத்ததும் சாய்வது நடக்காது. குளோரோஃபார்முக்கே சில நிமிடங்கள் வேண்டும். தலையில் அடிபட்டு ஒரு மணி நேரம் கிடந்தவர் எழுந்து ஓடினார் என்பதும் நம்பும்படியாக இல்லை. அவ்வளவு நேரம் நினைவில்லாமல் போனால் மூளைக் காயம்.

இருட்டு இன்னொன்று. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போன கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். முன்பே இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும், புதிதாக உள்ளே வருபவருக்கு ஒன்றும் தெரியாது. விளக்கை அணைப்பது கொலைகாரனுக்கு ஏன் சாதகம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

9. துரத்தல்

ஓடுவது சிறுகதையில் பெரும்பாலும் வீண். 300 சொல்லில் 100-ஐ ஓட்டத்துக்குக் கொடுத்தால் அதிகம். மீதி, நின்று முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு. ரேவதி பலகையின் விளிம்பில் நிற்கிறாள், ஒரு காலைத் தூக்கிவிட்டாள், இன்னும் வைக்கவில்லை. அங்கே நில்லுங்கள்.

அவள் தடுக்கி விழக் கூடாது. விழவைத்தால் ஆபத்தைக் கொலைகாரன் உண்டாக்கவில்லை, எழுத்தாளர் காலை நீட்டியிருக்கிறார். அவள் சரியாக யோசித்து, சரியாகச் செய்து, அப்படியும் மாட்ட வேண்டும்.

வாக்கியத்தை உடைத்து உடைத்து எழுதினால் வேகம் வரும் என்பது பாதி உண்மை. எல்லாமே மூன்று சொல் வாக்கியமானால் தாளம் தட்டையாகிவிடும். ஒரு நீண்ட வாக்கியத்தில் அவளை நடத்திக்கொண்டு போய், குட்டி வாக்கியத்தில் நிறுத்துங்கள்.

10. திருத்தம்

ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, ‘திடீரென்று’ என்ற சொல்லைத் தேடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எதிர்பாராததை எதிர்பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லும் சொல் அது. முதுகுத்தண்டு சில்லிட்டது, ரத்தம் உறைந்தது, இதயம் தொண்டைக்கு வந்தது, இவையும் போகட்டும். அந்த இடத்தில் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்: ரேவதி போனைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

மூன்று புள்ளிகளையும் ஆச்சரியக்குறிகளையும் எண்ணுங்கள். கதைக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் அழியுங்கள்.

அடுத்து, நேரத்தாளை எடுத்து வரிவரியாகச் சரிபாருங்கள். 11.40-க்கு மணி சாகிறான், 11.42-க்குக் கம்ப்ரசர் அறை வாசலில் பூட்ஸ் தெரிகிறது என்றால், அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு உடலை இழுத்து, பலகை தூக்கி, உள்ளே தள்ளி, மூடி, அங்கே வந்து சேர முடியுமா? முடியாது. 11.55 ஆக்குங்கள், அல்லது உடலை வெளியே கிடக்கவிடுங்கள்.

கடைசியாக, கதையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து முதல் கொலை வரை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு வெற்றுத்தாளைக் கொடுத்து, இடத்தை வரைந்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். கதவை அவர் தப்பான சுவரில் வரைந்தால் கொலைக் காட்சியைத் தொட வேண்டாம். முதல் 250 சொல்லைத் திரும்ப எழுதுங்கள்.